நிற்க எடுக்கும் தூரம்

ரயில்வே கொடுத்த தாளில் ஆறு தடவை என்று இருந்தது.
இது நாற்பத்து மூன்றாவது.
ஏழாவதிலிருந்து என் காசு.
புவெனஸ் ஐரிஸில், வில்யா கிரெஸ்போவில், மூன்றாம் மாடி.
லிஃப்டின் இரும்புக் கதவை இரு கையாலும் இழுத்துச் சாத்த வேண்டும்,
இல்லையென்றால் கீழே நிற்பவர் திட்டுவார்.

டாக்டர் ஸில்பருக்கு என் அக்கா வயதிருக்கும்.
முதல் நாள் அவரிடம் எண்களாகச் சொன்னேன்:
எண்பது கிலோமீட்டர் வேகம், எட்டுப் பெட்டி,
பிரேக் பிடித்த பிறகும் முந்நூற்றைம்பது மீட்டர்.
பச்சை ஸ்வெட்டர்.
அவன் என்னைப் பார்த்தான் என்பது
எண்ணுக்குள் அடங்கவில்லை,
அதனால் சொல்லவில்லை.

பணிமனையில் எல்லோருக்கும் ஒன்றிரண்டு உண்டு.
மாத்தே குவளை கைமாறும்போது
"உனக்கு எத்தனை?" என்போம்,
கோல் கணக்குக் கேட்பதுபோல.
ஓஸ்வால்தோவுக்கு ஐந்து.
ஐந்து தடவையும் மறுநாளே வண்டி எடுத்தான்.
ஆம்பளை என்றால் அவன்தான் என்பார்கள்.
அவன் மனைவி சொல்லித்தான் தெரியும்,
பதினோரு வருடமாகப் படுக்கையறை விளக்கை
அணைக்க விடுவதில்லையாம்.

டாக்டர் அதிகம் பேசமாட்டார்.
எதிர்வீட்டு பால்கனியில் ஒரு நாய் உண்டு.
ஐம்பது நிமிடமும் அந்த நாயைப் பற்றியே பேசிவிட்டுப்
பணம் எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.
நாய் என்ன செய்ததாம், என்பார்.
காத்திருந்தது, என்பேன்.
அவர் எதையோ எழுதுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

டிசம்பரில் சொன்னார்:
பிப்ரவரி முழுக்க இருக்கமாட்டேன்.
இந்த ஊரில் மனம் பார்க்கிறவர்கள் எல்லோரும்
பிப்ரவரியில் கடலுக்குப் போய்விடுவார்கள்.
நகரம் தன் பைத்தியத்தைத் தானே மடியில் வைத்துக்கொண்டு
வேர்த்து உட்கார்ந்திருக்கும்.
சரி, என்றேன். நல்லது, என்றேன்.
தொப்பி எடுத்துப் போங்கள், வெயில் அதிகம், என்றேன்.
தெருமுனைக்கு வந்து குப்பைத்தொட்டியை விட்டேன் ஓர் உதை.
கால் பெருவிரல் நகம் பெயர்ந்து வந்தது.

மார்ச்சில் முதல் செவ்வாய்.
வெயிலில் கறுத்து வந்திருந்தார்.
அந்தக் கறுப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

"கோபமா, எர்மீனியோ?"

"எதற்கு? நீங்கள் எனக்கு யார்?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை,
காதில் விழாததுபோலவும் இருக்கவில்லை.
கேள்வி எங்களுக்கு நடுவில் கிடந்தது,
கிடந்து, கிடந்து,

ஹேதோ நிலையம். எனக்கு ஏழு வயது.
அப்பா ஆறு மணி வண்டியில் வருவதாகச் சொல்லியிருந்தார்.
ஆறு. ஆறு நாற்பது. ஏழு இருபது.
கதவுகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்து
வண்டி வருகிற பக்கம் திரும்பி
நடைமேடை விளிம்புக்கு நகர்ந்தேன்.
எஞ்சினின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது.
கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர்
ஹாரனை விடாமல் அடித்து, கையை வீசி,
வாயைப் பிளந்து என்னவோ கத்தினார்.
நான் அவரைப் பார்த்தேன்.

மாமா ருஃபீனோ வந்து காதைப் பிடித்துக் கூட்டிப்போனார்.
அழாதே, இனி வீட்டுக்கு நீதான் ஆம்பளை.
நான் அழவில்லை.
அன்று விழுங்கியது எங்கே போனதென்று
நாற்பத்தைந்து வருடம் யாரும் கேட்கவில்லை.

"குளிராக இருந்ததா?"
ஸ்வெட்டர் போட்டிருந்தேன், என்றேன்.
நிறம் ஞாபகமில்லை.
பச்சை என்று சொல்ல ஆசையாக இருந்தது.
எல்லாம் பொருந்திவிடும், எழுந்து போய்விடலாம்.
சொல்லவில்லை.

அதற்குப் பதில்,
"அவன் என்னைப் பார்த்தான், டாக்டர்."

நாய் குரைத்தது. யார் வீட்டுக் குழாயோ ஒழுகியது.
என் கைகள் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தன,
பிரேக்கைப் பிடிக்கிற அதே பிடி.
எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

நேரம் ஆகிவிட்டது. அடுத்த செவ்வாய், என்றார்.
கதவை இழுத்துச் சாத்தினேன்.
இரண்டாம் மாடி தாண்டும்போது முகம் நனைந்திருந்தது.
கீழே ஒரு பையன் மேலே போகக் காத்து நின்றான்.
அவனுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.
என் முகத்தைப் பார்த்தான்.
பார்க்கட்டும் என்று நின்றேன், கொஞ்ச நேரம்.

ஷூவுக்குள் விரல் இன்னும் வலிக்கிறது.
நகம் பாதிதான் வளர்ந்திருக்கிறது.